மனசு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்: சோர்ந்த நாட்களில் ஒரு பொழுதுபோக்கைத் தொடங்கும் வழி

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் என் கணக்கு வேலை வழக்கம்போல நடந்தது. சம்பளப் பட்டியல் நேரத்துக்குப் போனது, யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல். கட்டிலில் விழுந்து போனைத் தள்ளிக்கொண்டே இருப்பேன். நிமிர்ந்து பார்த்தால் மணி ஒன்பதரை. என்ன பார்த்தேன் என்று கேட்டால் ஒன்றுகூட நினைவில் இருக்காது, ஆனால் உடம்பு மட்டும் நாள் முழுக்க மூட்டை தூக்கியதுபோல் வலிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு குரோஷே ஊசியையும் (முனையில் கொக்கி உள்ள பின்னல் ஊசி) வெளிர் மஞ்சள் நூல்கண்டையும் எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"கையைக் கொடுடா."

"எனக்கு எதுக்குக்கா இதெல்லாம்? மனசே சரியில்ல."

"மனசு சரியா இருந்தா நான் எதுக்கு இதைத் தூக்கிட்டு வரப்போறேன்? பத்து நிமிஷம் செய். பிடிக்கலன்னா ஓரமா வச்சிடு."

அன்றைக்குப் பத்து நிமிடம் செய்தேன். பெரிய மாற்றம் எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடமும் நான் எதை எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரிந்தது: பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. எட்டு மாதத்தில் முதல் தடவையாக என் தலைக்குள் வேறு ஒன்று ஓடியது. அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. இடையில் நான் தொட்டது, விட்டது, தொடர்வது எல்லாவற்றையும் வைத்து இதை எழுதுகிறேன். இன்று மாலை அதே கட்டிலில் விழுந்து கிடக்கும் ஒருவருக்கு இது பயன்பட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆசை வந்த பிறகு தொடங்கலாம் என்றால் தொடங்கவே மாட்டோம்

அக்கா அனுபவத்தில் சொன்னதை உளவியல் அறிஞர்கள் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். மனம் சோரும்போது ஆள் முதலில் தனக்குப் பிடித்ததைச் செய்வதைக் குறைத்துக்கொள்கிறார். அது குறையக் குறைய, மனதுக்குச் சிறு சந்தோஷம் வரும் வழிகளும் அடைபடுகின்றன. அதனால் இன்னும் சோர்வு, இன்னும் குறைவு. 1970களில் பீட்டர் லூயின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தச் சுழலை விளக்கினார். சுழலை எந்த இடத்தில் அறுப்பது? எண்ணத்தையா, செயலையா? 1996இல் நீல் ஜேக்கப்சனும் அவருடைய குழுவினரும் மனச்சோர்வு உள்ள சுமார் 150 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். எண்ணங்களைத் திருத்தும் முழு சிகிச்சை ஒரு பக்கம், அதிலிருந்து செயல்களை மீட்டெடுக்கும் பகுதியை மட்டும் பிரித்துக் கொடுப்பது இன்னொரு பக்கம். செயல் பகுதி மட்டும் பெற்றவர்களும் முழு சிகிச்சை பெற்றவர்களைப் போலவே தேறினார்கள்.

எனக்கு இதில் பெரிய நிம்மதி கிடைத்தது. மனசை முதலில் சரிசெய்துவிட்டு வா என்று யாரும் நம்மிடம் கேட்கவில்லை. கையும் காலும் தொடங்கினால் போதும், மனசு பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். சில நாள் வராது, அதுவும் உண்மை. அன்றைக்கும் பத்து நிமிடம் செய்ததாகக் கணக்கு இருக்கும்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் கிட்டத்தட்ட தினமும் மனம் இருண்டே இருக்கிறது, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, எதிலும் நாட்டமில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் நாளைக்குத் தள்ளிப் போடாமல் அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், உதவி கேளுங்கள். நான் ஆறு மாதம் ஆலோசகரிடம் போனேன். குரோஷே அதற்குத் துணையாக நின்றது, அதன் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

எந்தப் பொழுதுபோக்கு? முதலில் சோர்வைப் பாருங்கள்

"உனக்கு என்ன பிடிக்கும்?" என்று எல்லோரும் கேட்பார்கள். சோர்ந்திருப்பவரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. எதுவும் பிடிக்காமல் போனதுதானே பிரச்சினையே. அதனால் நான் வேறு பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். மூன்று நாள், மாலையில், ஒரு தாளில் ஒரே வரி எழுதுங்கள்: இப்போது என் சோர்வு எப்படி இருக்கிறது?

என் தாளில் முதல் நாள் "அதே பேச்சு திரும்பத் திரும்ப ஓடுகிறது" என்று இருந்தது. அப்பாவிடம் கடைசியாகப் பேசியது, பேசாமல் விட்டது. இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள் "எழுந்திருக்கவே முடியவில்லை". என் அலுவலகத் தோழி ஒருவர் எழுதியது வேறு: "இன்றைக்கு அலுவலக வேலையைத் தவிர யாரிடமும் எதுவும் பேசவில்லை." ஒரே சோர்வு என்று நாம் சொல்வது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் வேறு முகம் காட்டும். தலைக்குள் ஒரே நினைப்பு சுற்றுகிறவருக்கு எண்ணிக்கை உள்ள கைவேலை. உடம்பு கனத்துக் கிடப்பவருக்கு வாசலைத் தாண்டி வெளியே இழுக்கும் ஒன்று. பேச ஆளில்லாமல் வாடுகிறவருக்கு நாலு பேர் கூடும் இடம். முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். தனிமையில் வாடும் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து ஆயிரம் துண்டுப் படப்புதிரை அடுக்கினால், புதிர் முடியும், தனிமை அப்படியே இருக்கும்.

சுற்றிச் சுற்றி வரும் மனசுக்கு: கையும் கணக்கும்

எனக்கு நன்றாகத் தெரிந்தது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குரோஷே தொடங்க ஒரு ஊசி, ஒரு நூல்கண்டு, ஒரு கத்தரிக்கோல், இரண்டு ஊக்கு. அவ்வளவுதான். ஊசி 5 மில்லிமீட்டர். நூல் நடுத்தரத் தடிமன், வழுவழுப்பானது, வெளிர் நிறம். கறுப்பும் கருநீலமும் எவ்வளவு அழகாக இருந்தாலும் இப்போது வேண்டாம், ஊசி எந்தக் கண்ணிக்குள் போகிறது என்று தெரியாது. பஞ்சுபோல் பொசுபொசுவென்று இருக்கும் நூலும் வேண்டாம். தப்பைப் பிரித்துவிட்டு மறுபடி பின்னலாம் என்பதுதான் இந்த வேலையின் பெரிய தாராளம், ஆனால் பொசுபொசு நூல் பிரிக்க விடாது.

ஒரு சுருக்கு முடிச்சு போட்டு ஊசியில் மாட்டுங்கள். நூலை ஊசியில் சுற்றி, வளையத்தின் வழியே இழுத்தால் ஒரு சங்கிலி. இப்படி 21 சங்கிலி. பிறகு ஊசியிலிருந்து இரண்டாவதாக உள்ள சங்கிலியில் ஊசியை விட்டு நூலை இழுங்கள், ஊசியில் இரண்டு வளையம் இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் ஒரே இழுப்பு. இதற்கு சிங்கிள் என்று பெயர். வரிசை முடியும்போது 20 சிங்கிள் இருக்க வேண்டும். ஒரு சங்கிலி போட்டு, துணியைத் திருப்பிக்கொண்டு, அடுத்த வரிசை. முதல் வாரம் முழுக்க இது மட்டும் போதும்.

என் முதல் துண்டு சதுரமாக வரவில்லை. பன்னிரண்டாம் வரிசைக்கு வந்தபோது மேலே குறுகி முக்கோணமாகிவிட்டது. அக்கா அதைக் கையில் வாங்கி ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினாள். ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியைத் தவறவிட்டிருந்தேன். அது திரும்பும் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும், புதிதாகப் பின்னுகிற எல்லோருக்கும் அது தப்பும். வரிசையின் கடைசி சிங்கிளைப் போட்டதும் அதில் ஊக்கை மாட்டிவிட வேண்டும், அடுத்த வரிசை அந்த ஊக்கில் முதல் கண்ணியைப் போட்டுத் தொடங்கும். மறுமுனையிலும் அப்படியே. இரண்டு ஊக்கு இதற்குத்தான். அப்புறம் ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுவது. எண்ணுவதைத் தொல்லை என்று விட்டுவிடாதீர்கள். மனசைப் பிடித்து நிறுத்துவதே அந்த எண்ணிக்கைதான். பதினாறில் இருக்கும்போது பழைய பேச்சு ஒன்று தலைக்குள் நுழைந்தால் எண்ணிக்கை தவறிவிடும். திரும்ப முதலிலிருந்து எண்ணுவேன். என்னை நானே கடிந்துகொள்ளாமல் திரும்பி வருவதை அப்படித்தான் பழகினேன்.

தோள்பட்டையைக் கவனியுங்கள். புதிதில் ஊசியை இறுக்கிப் பிடிப்போம், தோள் காதுவரை ஏறிவிடும். ஐந்து வரிசைக்கு ஒரு தடவை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரித்து மூடுங்கள். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்குப் போதும்.

2013இல் வெளியான ஒரு கருத்துக்கணிப்பில் பல நாடுகளைச் சேர்ந்த 3,500க்கும் மேற்பட்ட பின்னல்காரர்கள் பதில் சொன்னார்கள். அது இரண்டு ஊசியால் பின்னும் பின்னலைப் பற்றியது. அடிக்கடி பின்னுகிறவர்கள் கூடுதலாக அமைதியையும் மகிழ்ச்சியையும் உணர்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஏற்கெனவே பின்னலை விரும்புகிறவர்களிடம் கேட்ட கேள்வி என்பதால் அதை முழு நிரூபணமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் கை சொல்வதும் அதேதான்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியலாளரின் விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 1970களில் அவர் மலையேறுகிறவர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள், அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் என்று பலரிடம் பேசினார். செய்யும் வேலையில் கரைந்து நேரம் போவதே தெரியாமல் இருக்கும் நிலை எப்போது வருகிறது என்று தேடினார். வேலையின் கடினமும் நம் திறமையும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்போது வருகிறது. வேலை லேசாக இருந்தால் சலிப்பு, கடுமையாக இருந்தால் பதற்றம். இதை அன்றாடத்துக்கு எப்படிக் கொண்டுவருவது? சிங்கிள் போடுவது கண்ணை மூடிக்கொண்டே வந்துவிட்டதென்றால் மனசு மறுபடி பழைய இடத்துக்கே ஓடத் தொடங்கும். அப்போது ஒரு படி ஏறுங்கள்: வட்டமாகப் பின்னுவது, இரண்டு நிறம் மாற்றுவது. மிகவும் களைத்த நாளில் ஒரு படி இறங்கி மறுபடி வெறும் சிங்கிள். என்னிடம் எப்போதும் இரண்டு வேலை பாதியில் இருக்கும், ஒன்று கடினம், ஒன்று சுலபம்.

நூல் ஒத்துவராதவர்களுக்குப் படம் வரைவது. "எனக்கு வரையத் தெரியாது" என்பவர்களுக்காகவே ஒரு முறை இருக்கிறது. ஒரு இலையை எடுத்து மேசையில் வையுங்கள். பென்சிலைத் தாளில் ஊன்றுங்கள். இனி தாளைப் பார்க்கக்கூடாது, கண் இலையின் ஓரத்தை எறும்பு ஊர்கிற வேகத்தில் பின்தொடர வேண்டும், கை அதே வேகத்தில் நகர வேண்டும். ஐந்து நிமிடம். வருகிற கோடு இலை மாதிரியே இருக்காது. அதனால் நல்ல படமா கெட்ட படமா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் இலையின் ஓரத்தில் பூச்சி அரித்த இடம், காம்பில் சிவப்பேறிய இடம், நடு நரம்பு லேசாக வளைவது எல்லாம் கண்ணில் படும். அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் தங்கள் விருப்பம்போலக் கலைவேலை செய்யவைத்து, எச்சிலில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை முன்னும் பின்னும் அளந்தார்கள். 2016இல் வெளியான ஆய்வு அது. முக்கால்வாசிப் பேருக்கு அளவு குறைந்திருந்தது. முன் அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் பெரிதாக இல்லை. இலையை வரைந்து கோணலாக வந்தவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதுவதைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. மனதை அழுத்துவதை 15 அல்லது 20 நிமிடம், தொடர்ந்து மூன்று நான்கு நாள் எழுதும் முறையை ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் ஆராய்ந்தார். பலருக்கு அது நாளடைவில் நன்மை செய்கிறது. ஆனால் எழுதி முடித்த உடனே மனசு இன்னும் கனப்பது வழக்கம். தனியாக இருக்கும் இரவில், தூங்கப்போகும் முன் அதைச் செய்யாதீர்கள். அதிகமாகத் தாக்கினால் நிறுத்திவிட்டு வேறு எதையாவது எழுதுங்கள். நான் இரண்டாம் நாளே நிறுத்தினேன். ஒரு வருடம் கழித்துத்தான் அதற்குத் திரும்ப முடிந்தது.

கனத்துக் கிடக்கும் உடம்புக்கு: வெளியே கூப்பிடும் ஒன்று

"நடைப்பயிற்சி போ" என்று சொன்னால் சோர்ந்தவர் எழுந்திருக்க மாட்டார். நானும் எழுந்திருக்கவில்லை. நடப்பதற்காக நடப்பது மருந்து மாதிரி இருந்தது. வெளியே பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது என்றால் கால் தானாகப் போகும். எனக்கு அது பறவைகள்.

இதற்குக் காட்டுக்குப் போக வேண்டாம், கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஒரே இடம், ஒரே நேரம், 15 நிமிடம், ஒரு சின்ன நோட்டு. ஒரே இடம் என்பது முக்கியம். தினம் பார்த்தால்தான் புதிதாக ஒன்று வந்தால் கண் கண்டுபிடிக்கும். பெயர் தெரியாவிட்டால் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: தெரிந்த ஒரு பறவையைவிடப் பெரிதா சிறிதா? அலகு எப்படி, தடித்துக் கூம்பாகவா, மெலிந்து நீண்டா? என்ன செய்கிறது? பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆய்வகம் வெளியிட்டிருக்கும் மெர்லின் என்ற இலவசச் செயலி, படத்தையும் குரலையும் வைத்து இனத்தைச் சொல்ல முயலும். அது சொல்வதைக் கண்ணாலும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் என் நோட்டில் வெறும் புறாதான். எதிர் மாடிச் சுவரில் புறா, குழாய் ஒழுகித் தேங்கிய இடத்தில் புறா. நாலாம் நாள் அந்தத் தேக்கத்தில் ஒரு புறா அலகைத் தண்ணீருக்குள் வைத்தது, எடுக்கவே இல்லை, அப்படியே உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்த சிட்டுக்குருவி ஒரு வாய் எடுத்து, தலையை அண்ணாந்து, விழுங்கி, மறுபடி குனிந்தது. பெரும்பாலான பறவைகள் குருவி மாதிரித்தான் குடிக்கும். தலை நிமிராமல் உறிஞ்சுவது புறா இனத்துக்கும் வேறு சில பறவைகளுக்கும் மட்டுமே உள்ள பழக்கம். குருவி தத்தித் தத்திப் போகிறது, புறா கால் மாற்றி நடக்கிறது. நாற்பது வருடமாகப் பார்த்த பறவைகள், இதை நான் கவனித்ததே இல்லை. அன்று வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். நானாக அவளைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னது அப்பா போனபிறகு அதுதான் முதல் தடவை. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு "அப்புறம் என்ன பார்த்த?" என்று கேட்டாள்.

மூன்று மாதம் தாண்டியும் ஆர்வம் இருந்தால் இருநோக்கி (பைனாகுலர்) வாங்கலாம். 8x42 என்று போட்டிருப்பது தொடங்குகிறவர்களுக்குச் சரியாக இருக்கும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். பன்னிரண்டு மடங்கு என்றால் கை நடுக்கமும் பன்னிரண்டு மடங்கு ஆகும், படம் நிற்காது. பறவையை வெறும் கண்ணால் பிடித்துக்கொண்டு, பார்வையை நகர்த்தாமல் இருநோக்கியைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். அதை வைத்துக்கொண்டு மரத்தைத் துழாவினால் இலையைத் தவிர எதுவும் கிடைக்காது.

எவ்வளவு நேரம் என்று கேட்பவர்களுக்கு ஒரு அளவு இருக்கிறது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் பதில்களை வைத்து 2019இல் வந்த ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்கள் நல்ல உடல்நலமும் மனநிறைவும் இருப்பதாகச் சொல்வது அதிகம் என்று கண்டது. ஒரே நாளில் இரண்டு மணி நேரமோ, துண்டு துண்டாகப் பல நாளோ, பலனில் வேறுபாடு தெரியவில்லை. தினம் 15 நிமிடம் என்றால் வாரத்துக்கு 105. ஒரு நாள் மட்டும் கூட ஒரு கால் மணி நேரம் நின்றால் கணக்கு நேராகிவிடும். வெளியே போகவே முடியாத உடல்நிலை என்றால் ஜன்னலும் போதும், அல்லது ஒரு தொட்டிச் செடி. தினம் ஒரே நேரத்தில் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். அன்பு மிகுதியால் தண்ணீர் ஊற்றி ஊற்றி வேர் அழுகிச் சாகும் செடிகள் ஏராளம்.

பேச ஆளில்லாத சோர்வுக்கு

அலுவலகத் தோழியோடு ஒரு வாராந்திரப் பாட்டுக் குழுவுக்குப் போனேன். கூட்டமாகப் பாடும்போது நம் குரல் தனியாகக் கேட்காது, அது பெரிய விடுதலை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் புதிதாகத் தொடங்கிய பாட்டு வகுப்புகளையும், கைவினை, எழுத்து வகுப்புகளையும் ஏழு மாதம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாட்டு வகுப்பில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் சீக்கிரமே நெருங்கிவிட்டார்கள். ஏழாம் மாதத்தில் மற்ற வகுப்பினரும் அதே நெருக்கத்துக்கு வந்திருந்தார்கள். ஆகவே கூச்ச சுபாவமென்றால் பாட்டு குறுக்குவழி. பாட்டு வேண்டாமென்றால் எதுவானாலும் சரி, ஒரு நாள் பட்டறையைத் தவிர்த்து, அதே ஆட்கள் வாராவாரம் வருகிற இடமாகப் பாருங்கள். முதல் மூன்று வாரம் ஓரமாக நிற்பதாகத்தான் தோன்றும். நாலாம் வாரம் ஒருவர் "போன வாரம் ஏன் வரலை?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே போகலாம்.

நடைமுறை

பொருளை முந்தின நாள் இரவே எடுத்து வையுங்கள். பெட்டிக்குள், பெட்டி அலமாரிக்குள் என்றால் சோர்ந்த ஆள் அதைத் திறக்க மாட்டார். என் நூல் கட்டில் தலைமாட்டில் இருக்கும், போனின் சார்ஜர் பக்கத்து அறைக்குப் போய்விட்டது. செய்த முயற்சியிலேயே அதிகம் பலன் கொடுத்தது இந்த இடமாற்றம்தான்.

நேரம் பத்து நிமிடம். அலாரம் அடித்ததும் நிறுத்த முழு உரிமை உண்டு. தொடர விருப்பமிருந்தால் தொடரலாம், கடமை இல்லை. ஏற்கெனவே தினமும் செய்யும் ஒன்றின் வாலில் கட்டுங்கள்: அலுவலகத்திலிருந்து வந்து முகம் கழுவியதும், விளக்கைப் போட்டதும்.

பழக்கமாக எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று பரவலாகச் சொல்கிறார்கள். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில் நடுவாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள்வரை கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைக் கெடுக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. எனவே ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட வேண்டாம், அதே பத்து நிமிடம்தான்.

தொடங்கும் முன் மனநிலைக்குப் பத்துக்கு ஒரு எண் போடுங்கள், முடித்ததும் ஒரு எண். என் நோட்டின் முதல் பக்கத்தில் 3-3, 2-3, 3-4, 4-4, 2-4 என்று இருக்கிறது. ஒன்றிலிருந்து எட்டுக்குத் தாவிய நாள் ஒன்றுகூட இல்லை. ஒரு புள்ளி ஏறுவதைக் கண்ணால் பார்க்காவிட்டால் "எதுவுமே உதவவில்லை" என்று சோர்வு நம்மை நம்பவைத்துவிடும், அதற்காகத்தான் இந்த எண். பத்துத் தடவை செய்தும் ஒரு தடவைகூட ஒரு புள்ளி ஏறவில்லையா, குற்ற உணர்ச்சி இல்லாமல் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான் புல்லாங்குழலை அப்படித்தான் விட்டேன்.

கெடுப்பது எது

ஒரு வருடம் கழித்து, தெரிந்தவர் ஒருவர் என் பின்னலைப் பார்த்து ஆறு மேசை விரிப்பு கேட்டார், பணமும் தருவதாகச் சொன்னார். பெருமையாக இருந்தது, ஒப்புக்கொண்டேன். முதல் விரிப்பில் அளவு சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டாவதற்குத் தேதி குறித்தார். மூன்றாவது பாதியில் இருக்கும்போது ஊசியைப் பார்த்தாலே அலுவலகக் கோப்பைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஆறையும் முடித்துக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் ஊசியைத் தொடவில்லை. அந்த இரண்டு மாதமும் மாலைகளில் மறுபடி கட்டில்தான்.

குழந்தைகளிடம்கூட இது நடக்கிறது. 1973இல் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும், வரைவதில் ஆசையுள்ள பாலர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். பரிசு கிடைத்துச் சில நாட்களுக்குப் பிறகு, சும்மா இருக்கும் நேரத்தில் அந்தக் குழந்தைகள் வரைவது மற்றக் குழந்தைகளைவிடக் குறைந்திருந்தது. படத்தைப் பதிவேற்றி லைக் எண்ணுவதையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். குறைந்தது முதல் ஆறு மாதத்துக்கு விற்காதீர்கள், பதிவேற்றாதீர்கள். பரிசாகக் கொடுக்கலாம், கேட்காதவர்களுக்கு, தேதி குறிக்காமல்.

பொருள் வாங்குவதிலும் கவனம் வேண்டும். வாங்கும்போது வரும் சந்தோஷம் வாங்கி முடித்ததும் தீர்ந்துவிடும். கையில் உள்ள கண்டு தீர்ந்த பிறகு அடுத்த கண்டு என்பது என் கட்டுப்பாடு, அது எனக்கு ஒத்துவருகிறது.

நிறுத்தும்போது எங்கே நிறுத்துவது என்பதை அக்காவிடம் கற்றுக்கொண்டேன். வரிசையை முடித்துவிட்டு எழுந்திருக்காதீர்கள், நடுவில் எழுந்திருங்கள். பதினொன்றாவது கண்ணியில் நின்றால் நாளைக்கு எங்கிருந்து தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை, பன்னிரண்டாவதிலிருந்து கை தொடங்கிவிடும். ஊசியை உருவும் முன் கடைசி வளையத்தைக் கொஞ்சம் பெரிதாக இழுத்து, அதில் ஒரு ஊக்கை மாட்டிப் பூட்டிவிடுங்கள். இரவெல்லாம் தலைமாட்டில் கிடந்தாலும் அவிழாது.